காலை ஒன்பது முதல் பிற்பகல் இரண்டு வரை

நாளைக்குக் காலை ஒன்பது மணிக்கு
என்னை நிறுத்துகிறார்கள்.
பராமரிப்புப் பணி.
பேப்பரில் வராது, அவ்வளவுதான்.

முப்பத்தோரு வருஷம்
வியாசர்பாடி, எருக்கஞ்சேரி, கொடுங்கையூர்,
எத்தனை தெருவின் ஃபேனை நிறுத்தியிருக்கிறேன்.
விசிறிக்கொண்டே வெளியே வந்து
எப்பப்பா கரண்ட் வரும் என்றவர்களிடம்
வரும்போது வரும் என்று
கம்பத்தின் மேலிருந்து சொன்னவன்
இன்றைக்கு மல்லாந்து படுத்துக் கேட்கிறேன்:
எப்ப வரும்?

பெனிட்டா மேடம்
நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டுதான் பதில் சொல்வார்.
இந்த மாடியில் உட்கார்ந்து பேசுகிற ஒரே ஆள்.
கவுன்சிலிங் என்றதும்
பாக்கிப் பணத்துக்குத்தான் வந்திருக்கிறார் என்று
முதல் நாள் தூங்குவதுபோல் நடித்தேன்.

"முழிக்கும்போது தொண்டையில குழாய் இருக்கும்.
பேச வராது, பதறாதீங்க.
கையை லேசாக் கட்டியிருப்பாங்க.
தாகம்னா ஒரு விரல். வலின்னா ரெண்டு."
ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன்.
இப்பவேவா என்று சிரித்தார்.
இப்பவேதான் மேடம்.

அப்புறம் அந்த மூன்று உருண்டை டப்பா.
ஊதக்கூடாதாம், உறிஞ்ச வேண்டுமாம்.
இரண்டு உருண்டை ஏறிவிடுகிறது.
மூன்றாவது, சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்யாதவன் மாதிரி
அடியிலேயே கிடக்கிறது.

பக்கத்துக் கட்டில் சிராஜுதீனுக்கு
ஆபரேஷன் முடிந்து இது எட்டாம் நாள்.
மண்ணடியில் இரும்புக் கடை.
யாரோ பறிக்க வருவதுபோல்
தலையணையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு இருமுகிறார்.
இரும முடிகிறது என்று
எனக்குக் காட்டவே இருமுகிறாரோ என்னவோ.

பிளந்த நெஞ்செலும்பை எதை வைத்துச் சேர்ப்பார்கள்?
ஸ்டீல் கம்பி.
எத்தனை முறுக்கு?
மேடத்துக்குத் தெரியவில்லை.
டாக்டரைக் கேட்டு வந்து மத்தியானம் சொன்னார்:
கம்பி ஏழு. முறுக்கை இதுவரை யாரும் எண்ணியதில்லையாம்.
அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

சாவுக்குப் பயமா என்றார்.
இல்லை என்றேன். பொய்தான்.
ஆனால் முழுப் பொய்யில்லை.

தனகோட்டி மேலே இருந்தான்.
கீழே ஒருவன் ஸ்விட்சைப் போட்டான்.
எவன் என்று கடைசிவரை தெரியவில்லை.
அன்றிலிருந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கி
என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
பட்டனையும் போட்ட பிறகுதான் ஏணியில் கால் வைப்பேன்.
வீட்டில்கூடச் சொன்னதில்லை இதை.
மேடம் பேனாவை மூடினார்.
எதுவும் எழுதவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் ஒரு பையனை அழைத்து வந்தார்.
நான் நிற்கிற நேரத்துக்கு
ரத்தத்தை ஓட்டும் மெஷின் இவர் பொறுப்பு.
பேர் யுகேந்திரன்.
பேரையா பார்ப்பேன், கையைப் பார்த்தேன்.
நகம் ஒட்ட வெட்டியிருந்தது. நடுக்கம் இல்லை.
"நீங்க இறங்குற வரைக்கும் நகரமாட்டேன் சார்."
இறங்குற என்ற வார்த்தையை
அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று தெரியும்.

சரி, திரும்ப எப்படி ஓடும்?
பெரும்பாலும் தானாகவே துடிக்கும்.
அடம்பிடித்தால்
சின்னதா ஒரு ஷாக்.

ஷாக்கா!
முப்பத்தோரு வருஷம் எதற்குக் கையுறை போட்டேனோ
அதுவா!
சிரித்த சிரிப்பில் மானிட்டர் கத்தி
இரண்டு நர்ஸ்கள் ஓடி வந்தார்கள்.

இப்போது மணி பதினொன்று.
மார்பும் காலும் மழித்துவிட்டார்கள்.
பன்னிரண்டுக்கு மேல் தண்ணீர் கிடையாது.
நடுவில் கரண்ட் போனது,
ஜெனரேட்டர் பிடிக்க நாலு விநாடி. எண்ணினேன்.

மோதிரம், பல்செட், அரைஞாண் கயிறு
எல்லாம் கழற்றிக் கோமளா கையில் கொடுத்தாயிற்று.
கட்டில் கம்பியில் தொங்கிய சட்டையையும்.
பையைத் தடவிப் பார்த்தாள்.
ஒண்ணுமே இல்லியே என்றாள்.

இருக்கட்டும், பட்டனைப் போட்டு வை.
யார் கேட்டாலும் குடுக்காத,
நான் இறங்கி வர்ற வரைக்கும்.